கட்டைவிரல் எரியுது, பாப்பா

ரெங்கம் என்று சொன்னாலே கோலாலம்பூரில் பாதிப் பேர், "சிம்பாங் ரெங்கமா?" என்று கேட்பார்கள். இல்லை. அது நெடுஞ்சாலைப் பக்கம். எங்கள் ரெங்கம் குளுவாங்குக்கும் லாயாங்-லாயாங்குக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. நாலு வரிசைக் கடைகள், ஒரு ஸ்டேஷன், சுற்றிலும் செம்பனை. என் பள்ளி விடுமுறைகளில் பாதி அங்கேதான் கழிந்தது, பெரியப்பா வீட்டில்.

பெரியப்பா தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். முதலில் பால்மரம், பிறகு செம்பனை. போன வருடம் இனிப்பு நீரால் இடது காலில் புண் வந்து, ஆறாமல் போய், முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. இந்தக் கதை உங்களுக்குப் புதிதாக இருக்காது. நம் சமூகத்தில் ஒவ்வொரு குடும்பத்திலும் இப்படி ஒரு மாமாவோ அத்தையோ இருக்கிறார்கள்.

இரண்டு மாதங்களுக்கு முன்பு அங்கே தங்கியிருந்தேன். நடுநிசி இரண்டு மணி இருக்கும். முன்னறையில் விளக்கு எரிந்தது. எழுந்து போனால் பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்து, கால் இல்லாத இடத்தில் மெத்தையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்ன பெரியப்பா?"

"கட்டைவிரல் எரியுது, பாப்பா. நெருப்ப வச்ச மாதிரி."

"எந்தக் காலு?"

"இடது."

நான் வானொலியில் பேசிப் பிழைக்கிறவள். எந்த நேரத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் வாயில் வந்தது இதுதான்: "இல்லாத காலு எப்படி பெரியப்பா வலிக்கும்? அது சும்மா உங்க நெனப்பு."

அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு சொன்னார்: "காலு இல்லன்னு உனக்குத் தெரியுது. வலி இருக்குன்னு எனக்குத் தெரியுது. இதுல யாரு சொல்றது சும்மா?"

எனக்குப் பதில் இல்லை. சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டு வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை.

அவர் கேட்டது சின்னக் கேள்வி மாதிரி தெரிந்தாலும், உலகத்துச் சிந்தனையாளர்கள் பல நூறு வருடங்களாகக் கட்டிப் புரள்கிற கேள்வி. நமக்குள் நடப்பது நமக்கு நேராகத் தெரியுமா? வேறு எதில் ஏமாந்தாலும், என் வலி, என் சந்தோஷம், என் மனம், இதிலாவது நான் சொல்வது கடைசி வார்த்தைதானா?

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்" என்று நம் ஊர்ப் பழமொழி தீர்ப்பே சொல்லிவிட்டது. அதற்கு நம்மிடம் ஒரு பெயர்கூட இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் எழுதிய சிவஞான சித்தியாரில், ஒன்றை நேராக அறியும் வழிகளைக் காட்சி என்று சொல்லி நான்காகப் பிரிக்கிறார். கண், காது முதலிய புலன்களின் வழியே அறிவது வாயிற்காட்சி. மனத்தால் அறிவது மானதக்காட்சி. யோகிகளுக்கு வாய்ப்பது யோகக்காட்சி. இன்னொன்று தன்வேதனைக்காட்சி: நமக்கு வரும் இன்ப துன்பத்தை நாமே அனுபவித்து அறிவது. இன்று நாம் வேதனை என்றால் துன்பம் என்று மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அந்தச் சொல் வடமொழியில் அறிதல் என்ற வேரிலிருந்து வந்தது. துன்பப்படுவதும் ஒரு வகையில் தெரிந்துகொள்வதுதான்.

அந்தக் கணக்கில் பார்த்தால் பெரியப்பா சொன்னது சரி. வலியைப் பார்க்கக் கண் தேவையில்லை, கால்கூடத் தேவையில்லை. அவருக்கு வலித்தது, அவர் அறிந்தார், அவ்வளவுதான்.

மருத்துவம் இதைப் புரிந்துகொள்ள நாளாயிற்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்த சைலஸ் வெயர் மிட்செல் என்ற மருத்துவர்தான் 1871இல் இந்த 'மாய உறுப்பு'க்கு ஒரு பெயர் வைத்தார். அதற்குப் பிறகும் நெடுநாள், பலர் இதை மனப்பிரமை என்றே ஒதுக்கினார்கள், நான் ஒதுக்கியது போல. உறுப்பை எடுத்தாலும், மூளையில் அந்த உறுப்புக்கென்று இருக்கும் இடம் அதோடு சேர்ந்து போய்விடுவதில்லை என்பது இன்று தெளிவாகியிருக்கிறது.

இதில் நம்மவர் ஒருவர் பெரிய பங்காற்றியிருக்கிறார். வி.எஸ். ராமச்சந்திரன். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியாவில் பேராசிரியரானவர். இல்லாத கை இறுக்கமாக மூடிக்கொண்டு நகம் உள்ளங்கையில் குத்துகிறது, விரிக்க முடியவில்லை என்று நோயாளிகள் அவரிடம் சொன்னார்கள். 1990களில் அவர் ஒரு பெட்டியில் முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தினார். இருக்கிற கையைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்து அசைத்தால், இல்லாத கை அசைவது போலத் தெரியும். சிலருக்கு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மாயக் கை விரிந்தது. ஒரு சாதாரணக் கண்ணாடி!

ஆனால் இங்கேதான் விஷயம் கொஞ்சம் சிக்கலாகிறது. பெரியப்பா சொன்ன வாக்கியத்தில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, வலி இருக்கிறது. இரண்டு, அது கட்டைவிரலில் இருக்கிறது. முதலாவதில் அவரை யாரும் திருத்த முடியாது. இரண்டாவது உண்மையில்லை, கட்டைவிரலே கிடையாது. ஆனால் அவருக்கு இரண்டும் ஒரே மாதிரி, ஒரே உறுதியோடுதான் தெரிகின்றன. எது நேராகத் தெரிவது, எது மூளை கட்டிக் கொடுத்தது என்று உள்ளே எந்த லேபிளும் ஒட்டியிருப்பதில்லை.

உங்களுக்கு நம்பிக்கை வரவில்லை என்றால், இன்று சாயங்காலம் வீட்டில் ஒரு விளையாட்டு விளையாடுங்கள். இதை அமெரிக்கத் தத்துவவாதி டேனியல் டெனட் சொல்லிக் கொடுத்தார். ஒரு சீட்டுக்கட்டு போதும். நீங்கள் நேராகச் சுவரில் ஒரு புள்ளியைப் பாருங்கள், கண்ணை நகர்த்தக் கூடாது. பிள்ளைகளில் ஒருவரை, ஒரு சீட்டை உங்கள் காதுப் பக்கத்திலிருந்து மெதுவாக முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள். ஏதோ அசைவது முதலில் தெரியும். சிவப்பா கறுப்பா? சொல்ல முடியாது. இன்னும் கிட்ட வரட்டும். நிறம் ஒருவழியாகத் தெரியும்போதுகூட எண் தெரியாது. சீட்டு ஏறக்குறைய உங்கள் முகத்துக்கு நேரே வரவேண்டியிருக்கும்.

நாம் என்ன நினைத்திருந்தோம்? கண்ணைத் திறந்தால் அறை முழுவதும், மூலை முடுக்கெல்லாம், பளிச்சென்று வண்ணத்தோடு தெரிகிறது என்றுதானே? பிறந்ததிலிருந்து தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆனாலும் நம் பார்வை எப்படிப்பட்டது என்பதே நமக்குச் சரியாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் விளையாடியபோது என் தம்பி, "அக்கா, நீ ஏமாத்துற" என்று மூன்று தரம் சீட்டை மாற்றச் சொன்னான்.

இன்னொரு கேள்வி. உங்களுக்குக் கனவு வண்ணத்தில் வருகிறதா, கறுப்பு வெள்ளையிலா?

அமெரிக்காவில் 1940களிலும் 50களிலும் கேட்டபோது, கனவில் நிறம் பார்ப்பது அபூர்வம் என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள். 1960களுக்குப் பிறகு கேட்டால், நிறம் உண்டு என்கிறார்கள். எரிக் ஷ்விட்ஸ்கெபல் என்ற தத்துவவாதி 2002இல் இதை எடுத்து ஆராய்ந்தார். இடையில் மாறியது என்ன? சினிமாவும் டிவியும் கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்குப் போயின. கனவே மாறிவிட்டதா, அல்லது கனவு எப்படி இருந்தது என்று தெரியாமல், கண்ட படத்தைப் போல இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டார்களா? இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்பது அவர் சந்தேகம்.

நம் நாட்டில் தொலைக்காட்சி வந்தது 1963 டிசம்பரில். வண்ணம் வந்தது 1978இல். பெரியம்மா இரண்டையும் பார்த்தவர். மறுநாள் காலை கோப்பி குடிக்கும்போது அவரிடம் கேட்டேன்.

"சின்ன வயசுலயா? அப்பல்லாம் கறுப்பு வெள்ளைதான்" என்றார் பட்டென்று.

"நல்லா ஞாபகம் இருக்கா பெரியம்மா?"

"இருக்காதா பின்ன? எங்கம்மா செத்த வருஷம் கனவுல வந்தாங்க. அந்தச் செவப்புச் சேலையக் கட்டிக்கிட்டு..." நிறுத்தினார். பெரியப்பா சிரித்துவிட்டார். "கறுப்பு வெள்ளையில செவப்புச் சேலை, நல்லா இருக்குடி!" என்றார். பெரியம்மா கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

என் தொழிலில் இதே பாடத்தைத் தினமும் படிக்கிறேன். நேயர்களைத் தொலைபேசியில் அழைத்து, "இந்தப் பாட்டு ஏன் பிடிக்கும்?" என்று கேட்போம். யாரும் "தெரியாது" என்று சொல்லிக் கேட்டதில்லை. வரிகள், குரல், இசை என்று ஆளுக்கொரு காரணம் வரும். அந்த வாரம் நாங்களே அந்தப் பாட்டை ஒரு நாளைக்கு ஐந்து தடவை போட்டிருப்போம். "அடிக்கடி காதில் விழுந்ததால் பிடித்துப்போச்சு" என்று ஒருவரும் சொல்வதில்லை.

நிஸ்பெட், வில்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1977இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதற்கு அச்சு அசலான உதாரணம் இருக்கிறது. கடைக்கு வந்தவர்களிடம் நான்கு ஜோடி நைலான் காலுறைகளைக் காட்டி, எது தரமானது என்று கேட்டார்கள். நான்கும் ஒன்றேதான், ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் வலது ஓரத்தில் இருந்ததை 40 சதவீதம் பேரும், இடது ஓரத்தில் இருந்ததை 12 சதவீதம் பேரும் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் கேட்டால் இடத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அதுவா காரணம் என்று நேராகக் கேட்டபோதும் ஏறக்குறைய எல்லோரும் மறுத்தார்கள். 2005இல் ஸ்வீடனில் இன்னும் குறும்பான சோதனை நடந்தது. இரண்டு முகப் படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, கைவித்தையால் மற்றதைக் கையில் கொடுத்து, "ஏன் இதைப் பிடித்தது?" என்றார்கள். பெரும்பாலான தடவைகளில் படம் மாறியதே தெரியாமல், தாம் தேர்ந்தெடுக்காத முகத்துக்குக் காரணம் சொன்னார்கள்.

இதையெல்லாம் படித்துச் சிரித்துக்கொண்டிருந்த நான், சிரிப்பை நிறுத்த வேண்டி வந்தது.

சென்ற வருடம் பல் மருத்துவரிடம் போனேன். வாயைப் பார்த்தவர், "ராத்திரியில் பல்லைக் கடிக்கிறீர்களா? பின்பற்கள் தேய்ந்திருக்கின்றன. மன அழுத்தம் ஏதாவது?" என்றார். "இல்லை டாக்டர், நான் ரொம்ப ஜாலியான ஆள்" என்றேன். பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பியிருந்தேன். தினமும் அதிகாலையில், "நான் சூப்பரா இருக்கேன், நீங்க எப்படி இருக்கீங்க?" என்று ஊரையே எழுப்புகிறவள் நான்.

அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் ஹர்ல்பர்ட் ஒரு முறையை 1970களிலிருந்து பயன்படுத்துகிறார். ஒரு சின்னக் கருவி எதிர்பாராத நேரத்தில் 'பீப்' அடிக்கும். அடிப்பதற்குச் சற்று முன்னால் மனத்தில் என்ன இருந்தது என்று எழுத வேண்டும். பொதுவாக நான் எப்படிப்பட்டவள் என்பதை எழுதக் கூடாது, அந்தக் கணம் மட்டும். கைத்தொலைபேசியில் அதே மாதிரி அமைத்து ஒரு வாரம் செய்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் படித்தால் வயிற்றைக் கலக்கியது. பாதிக்கு மேல் ஒரே விஷயம்: தாடை இறுகியிருந்தது, யாரிடமோ மனத்துக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். 'ஜாலி' என்று எழுதியது இரண்டே இடத்தில். ஒன்று தம்பி மகன் மடியில் தூங்கியபோது. இன்னொன்று நாசி லெமாக்.

அந்தந்தக் கணத்தில் தாடை இறுகியது எனக்குத் தெரிந்துதான் இருந்தது, தெரியாவிட்டால் எழுதியிருக்க முடியாது. தெரியாமல் போனது அவற்றின் கூட்டுத்தொகை. 'நான் எப்படி இருக்கிறேன்' என்று யாராவது கேட்டால், உள்ளே பார்த்துப் பதில் சொல்வதில்லை. பழக்கத்தில் இருக்கும் ஒரு பதிலை எடுத்து நீட்டிவிடுகிறோம்.

அப்படியானால் முடிவு என்ன? 'மனிதர்களுக்குத் தங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது, நாம் சொல்வதைக் கேட்டால் போதும்' என்று எடுத்துக்கொள்ளலாமா? ஆபத்து அங்கேதான் இருக்கிறது. நம் வீடுகளில் ஏற்கெனவே இதைத் தாராளமாகச் செய்கிறோம். வயிறு வலிக்கிறது என்கிற பிள்ளையிடம், "பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிக்கிற." குழந்தை பெற்ற பிறகு அழுதுகொண்டே இருக்கும் பெண்ணிடம், "எல்லாரும் பெத்ததுதான்." மனம் சரியில்லை என்கிற இளைஞனிடம், "உனக்கு என்ன குறை?" காலை இழந்த பெரியவரிடம், "சும்மா உங்க நெனப்பு."

நாம் தடுமாறுவது எல்லா இடத்திலும் இல்லை. ஏன் என்ற காரணத்தில் தடுமாறுகிறோம். பழைய ஞாபகத்தில், ஓரத்து விவரங்களில், 'பொதுவாக நான் இப்படி' என்ற தீர்ப்பில் தடுமாறுகிறோம். இப்போது, இந்த நிமிடம், வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், அதற்கு அவரைவிட நல்ல சாட்சி கிடையாது. வலியை அளக்க இன்றுவரை ஒரு தெர்மாமீட்டர் வரவில்லை. நம் சுகாதார அமைச்சு 2008இல் அரசாங்க மருத்துவமனைகளில், இரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, காய்ச்சல் பார்ப்பது போல வலியையும் குறித்து வைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. எப்படிக் குறிக்கிறார்கள்? நோயாளியைக் கேட்டுத்தான். பூஜ்யத்திலிருந்து பத்து வரை எவ்வளவு?

பெரியப்பாவையும் கேட்டிருக்கிறார்கள். என்ன சொன்னார் என்று விசாரித்தேன்.

"ரெண்டுன்னு சொன்னேன்."

"உண்மையில எவ்வளவு?"

"ராத்திரியில எட்டு ஒம்பது வரும். அந்த நர்ஸ் புள்ள பாவம், ஓடிக்கிட்டே இருந்துச்சு. எதுக்குத் தொந்தரவு?"

முப்பது வருடம் தோட்டத்தில் முதுகு ஒடிந்தாலும் "பரவால்ல" என்றே பழகிய வாய். தனக்குத் தெரிவது ஒன்று, வாய் சொல்வது ஒன்று. அதோடு, "நெனப்பு" என்று சொல்ல என்னைப் போல நாலு பேர் இருந்தால், எண் இரண்டுக்கு மேல் எப்படி ஏறும்?

அடுத்த சந்திப்பு நாளுக்கு நானும் உடன் போனேன். இந்த முறை எட்டு என்றே சொன்னார். மருத்துவர் மருந்தை மாற்றிக் கொடுத்து, உடற்பயிற்சி சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார். கண்ணாடிப் பயிற்சி பற்றி நான் கேட்டேன். செய்து பார்க்கலாம், எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள். 2007இல் வெளிவந்த ஒரு சின்ன ஆய்வில், நான்கு வாரம் கண்ணாடியைப் பார்த்துப் பயிற்சி செய்த ஆறு பேருக்கும் மாயக்கால் வலி குறைந்தது. கண்ணாடியைத் துணியால் மூடி அதே பயிற்சியைச் செய்த ஆறு பேரில் ஒருவருக்குத்தான் குறைந்தது. ஆறு பேர் என்பது சின்னக் கூட்டம்தான். ஆனாலும் முயன்று பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

பழைய அலமாரிக் கதவிலிருந்த நீளக் கண்ணாடியைத் தம்பி கழற்றி, ஓரத்துக்கு டேப் ஒட்டிக் கொடுத்தான். இரண்டு கால்களுக்கும் நடுவே அதை நிறுத்தி, வலது காலின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே விரல்களை விரித்து மடக்க வேண்டும். முதல் நாள் பெரியப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "ரெண்டு காலும் இருக்குற மாதிரி இருக்கு" என்றார். பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது ஆறு வாரம் ஆகிறது. வலி போய்விடவில்லை. எட்டு, நாலு ஐந்துக்கு வந்திருக்கிறது என்கிறார். மருந்தாலா கண்ணாடியாலா என்று கேட்டால், "அது எனக்கெப்படித் தெரியும்? கொறஞ்சிருக்கு, அதுதான் தெரியும்" என்கிறார். காலுறைக் கடையில் அவர் நின்றிருந்தால் அந்த ஆய்வாளர்கள் அசந்துபோயிருப்பார்கள்.

என் பங்குக்கு நானும் ஒன்றை மாற்றிக்கொண்டிருக்கிறேன். ரெங்கத்துக்குத் தொலைபேசி போட்டால், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பதில்லை, "நல்லா இருக்கேன்" என்ற பதில் முன்கூட்டியே தயாராக இருக்கும். "நேத்து ராத்திரி எத்தனை மணிக்கு எழுந்தீங்க? எங்க எரிஞ்சுச்சு?" என்று கேட்கிறேன். கட்டைவிரல் என்று சொன்னால், கட்டைவிரல் என்றே எழுதி வைக்கிறேன்.

போன செவ்வாய் அவர் திருப்பிக் கேட்டார். "நீ எப்படி பாப்பா இருக்க?"

"சூப்பர்" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு நிமிடம் நிறுத்தி, "தாடை வலிக்குது பெரியப்பா" என்றேன்.

"எத்தனை?" என்றார்.

"நாலு."

"சரி. லீவு போட்டுட்டு வா. மரவள்ளிக்கிழங்கு இருக்கு."

அடுத்த வாரம் ரெங்கத்திலிருந்து எழுதுகிறேன்.